ஆகனில் படித்துக்கொண்டே சுற்றிப் பார்ப்பது: எங்கே, எப்படி, எவ்வளவில்?

வரும் அக்டோபரில் ஜெர்மனியின் ஆகன் நகரில் முதுநிலைப் பொறியியல் படிக்கச் செல்லும் மாணவர் ஒருவர் சில கேள்விகளை முன்வைத்திருக்கிறார். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே கைக்கு வரும் நிலையில் ஊர் சுற்றிப் பார்க்க இயலுமா, அதனால் படிப்பு கெடாதா, பாரிஸும் சுவிட்சர்லாந்தும் பார்க்காமல் ஊர் திரும்பினால் ஐரோப்பாவில் இருந்ததற்கே பொருளில்லாமல் போகுமா, பெற்றோர் வந்தால் அவர்களை எங்கே அழைத்துச் செல்வது என்பவை அவை. ஆகனில் படித்து, அந்தப் பகுதியிலேயே தங்கிவிட்டவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

தாராளமாகச் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் பாரிஸிலிருந்து தொடங்க வேண்டாம். காலையில் கிளம்பி இரவில் உங்கள் அறைக்கே வந்து படுத்துவிடக்கூடிய தொலைவுக்குள் இருப்பவற்றை முதல் ஓராண்டில் பொறுமையாகப் பாருங்கள். தங்கும் விடுதிச் செலவு இல்லை, மறுநாள் வகுப்பு தவறாது என்பவை வெளிப்படையான காரணங்கள். அதைவிட முக்கியமான காரணம், நீங்கள் வாழப்போகும் மண்ணை அறிந்துகொண்ட பிறகு பார்க்கும் பாரிஸும் பெர்லினும் உங்களுக்கு வேறு விதமாகத் தெரியும் என்பது. ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் கைகோக்கும் மூலையில் ஆகன் இருப்பதால், ஒரு நாள் பயணங்களுக்கு இதைவிட வாய்ப்பான மாணவர் நகரம் ஜெர்மனியில் அரிது என்பது என் கருத்து.

முதலில் பயணச்சீட்டைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். ஜெர்மனி முழுவதும் செல்லும் ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமானது. 2025இல் 58 யூரோவாகவும் 2026 ஜனவரியில் 63 யூரோவாகவும் உயர்ந்தது. அதன் மாணவர் வடிவமான செமஸ்டர் டிக்கெட்டின் விலை இதில் 60 சதவீதம்தான். அந்தத் தொகையை ஒவ்வொரு பருவத்துக்கும் நீங்கள் செலுத்தும் கட்டணத்தோடு சேர்த்தே பல்கலைக்கழகம் வாங்கிக்கொள்கிறது, ஆகவே பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் பணம் கட்டியாகிவிட்டது. ஆர்ஈ, ஆர்பி என்ற எழுத்துகளோடு ஓடும் வட்டார ரயில்கள், எஸ்-பான் என்ற புறநகர் ரயில்கள், நகர மெட்ரோ, டிராம், பேருந்து ஆகியவற்றில் இது செல்லும். ஐசிஈ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்: ஒரே நடைமேடையில் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு வகை ரயிலும் வந்து நிற்கும், தவறானதில் ஏறிவிட்டால் பரிசோதகரிடம் 60 யூரோ கட்ட நேரிடும். ஜெர்மன் ரயில்வேயின் டிபி நாவிகேட்டர் செயலியில் வட்டார ரயில்களை மட்டும் காட்டும்படி ஒருமுறை அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இனி இடங்களுக்கு வருகிறேன். ஆகனையே முதல் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு, ஆய்வகம், மென்சா என்ற மாணவர் உணவகம், ஹிவி எனப்படும் மாணவ உதவியாளர் வேலை என்று ஓடிக்கொண்டிருப்பவர்களில் பலர் பேராலயத்தைத் தினமும் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே போவார்கள், உள்ளே நுழைந்திருக்க மாட்டார்கள். 1978இல் யுனெஸ்கோ முதன்முதலாக வெளியிட்ட உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே இடம்பெற்ற கட்டடம் அது. ஜெர்மனியிலிருந்து அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடமும் அதுவே. அதன் நடுவிலுள்ள எண்கோண மண்டபம் கி.பி. 800ஐ ஒட்டி மாமன்னர் சார்லமேன் காலத்தில் எழுந்தது. 814இல் அவர் அடக்கம் செய்யப்பட்டதும் இங்கேதான். 936 முதல் 1531 வரை ஜெர்மானிய அரசர்கள் இங்கே முடிசூடிக்கொண்டார்கள். உள்ளே செல்லக் கட்டணம் கிடையாது, ஆனால் மேல்தளத்தில் உள்ள அரியணையைப் பார்க்க வழிகாட்டியுடன் செல்லும் சீட்டு வாங்க வேண்டும், அந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள். பொன்னும் மணியும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அந்த அரியணை வியப்பைத் தரும். அலங்காரமே இல்லாத நான்கைந்து பளிங்குப் பலகைகளை வெண்கலப் பட்டைகளால் இணைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பக்கவாட்டுப் பலகையை உற்றுப் பாருங்கள். நம் ஊர்க் கோயில் மண்டபத் தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டம் கீறி வைத்திருப்பதைப் போல, ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் கொண்ட ஓர் ஆட்டத்தின் கோடுகள் அதில் கீறப்பட்டிருக்கும். அரியணையாவதற்கு முன்பே அந்தக் கல் வேறெங்கோ தரையாகக் கிடந்திருக்கிறது, அதன்மேல் யாரோ உட்கார்ந்து ஆடியிருக்கிறார்கள்.

வெளியே வரும்போது நுழைவாயிலின் வெண்கலக் கதவில் உள்ள சிங்க முகத்தின் வாய்க்குள் விரலைவிட்டுத் தடவிப் பாருங்கள், கட்டைவிரல் போன்ற ஒன்று தட்டுப்படும். கோயில் கட்டப் பணம் போதாமல் ஊரார் பிசாசிடம் கடன் வாங்கினார்கள், முதலில் உள்ளே நுழையும் உயிரைத் தருவதாக ஒப்புக்கொண்டு ஓர் ஓநாயை உள்ளே விரட்டிவிட்டார்கள், ஏமாந்த பிசாசு கதவை அறைந்தபோது அதன் கட்டைவிரல் மாட்டிக்கொண்டது என்பது ஊர்க்கதை. அங்கிருந்து சற்று நடந்தால் 1827இல் கட்டிய எலிசன்புருன்னன் மண்டபம். அதன் குழாய்களில் ஏறத்தாழ 52 டிகிரி சூட்டில் கந்தக நீர் கொட்டும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ரோமானியர்கள் இங்கே குடியேறியதும் சார்லமேன் இந்த ஊரைத் தலைநகராகத் தேர்ந்ததும் இந்த வெந்நீருக்காகத்தான்.

அடுத்ததாக, மூன்று நாட்டு எல்லைகளும் கூடும் ஃபால்சர்பெர்க் குன்று. 322 மீட்டர் உயரந்தான், ஆனால் நெதர்லாந்தின் ஐரோப்பிய நிலப்பரப்பில் அதுவே மிக உயர்ந்த இடம். ஆகன் நகரக் காட்டின் வழியாக நடந்தே போகலாம், அடிவாரத்தில் உள்ள ஃபால்ஸ் என்ற நெதர்லாந்து ஊர் வரை பேருந்தில் சென்று அங்கிருந்தும் ஏறலாம். எல்லைக்கல்லருகே படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அந்த இடத்தின் வரலாற்றையும் தெரிந்துகொண்டு போங்கள். நெப்போலியன் வீழ்ந்த பிறகு கெல்மிஸ் என்ற சிற்றூரின் துத்தநாகச் சுரங்கம் யாருக்கு என்பதில் அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவும் நெதர்லாந்தும் உடன்படாததால், 1816இல் சுமார் மூன்றரை சதுர கிலோமீட்டர் நிலத்தை இருவரும் சேர்ந்து நிர்வகிக்கும் பொது நிலமாக விட்டுவிட்டார்கள். நடுநிலை மொரேஸ்நெட் என்ற அந்தத் துண்டு நிலம் நூறாண்டுக்கு மேல் அப்படியே நீடித்தது. 1908இல் அங்கே எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழி பேசும் நாடொன்றை அமைக்கும் முயற்சிகூட நடந்தது. முதல் உலகப் போருக்குப் பின் அது பெல்ஜியத்தோடு சேர்ந்தது. இன்றைய கெல்மிஸில் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, மே, ஜூன் மாதங்களில் அந்தப் பழைய சுரங்க நிலத்தில் பூக்கும் சிறிய மஞ்சள் வயோலா மலர். துத்தநாகம் மிகுந்த மண்ணில் வேறு செடிகள் வாட, இது மட்டும் செழிக்கும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. அந்தக் குன்றில் எல்லையைத் தாண்டுவதற்கு ஓர் அடி எடுத்து வைத்தால் போதும் என்பதால், ஆவணம் எடுத்துச் செல்ல யாருக்கும் தோன்றாது. ஆனால் கடவுச்சீட்டும் வசிப்பிட அனுமதி அட்டையும் உடன் இருந்தாக வேண்டும். செல்லுபடியாகும் ஜெர்மன் வசிப்பிட அனுமதி இருந்தால் பொது எல்லை ஏற்பாட்டில் இணைந்த மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள்களிலும் 90 நாள் வரை இருக்கலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் அடங்கா. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் தரைவழி எல்லைகள் அனைத்திலும் சோதனையைக் கொண்டுவந்தது, எனவே நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரிலிருந்து திரும்பும் பேருந்தை நிறுத்திக் காவலர் ஏறுவதும் நடக்கக்கூடியதே. அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டு இடைக்காலச் சான்றிதழோடு இருக்கும் மாதங்களில், அந்தத் தாளை வைத்து வெளிநாடு சென்று திரும்ப இயலுமா என்பதை அயல்நாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சான்றிதழின் வகையைப் பொறுத்து விடை மாறும். செமஸ்டர் டிக்கெட்டும் எல்லைக்கு அப்பால் எதுவரை செல்லும் என்பது தடத்துக்குத் தடம் வேறுபடும், ஆகவே ஏறுமுன் பாருங்கள். பொது மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல்: உங்கள் காப்பீட்டு அட்டையின் பின்புறமே ஐரோப்பியச் சுகாதாரக் காப்பீட்டு அட்டை, பெல்ஜியத்திலோ நெதர்லாந்திலோ கால் சுளுக்கினால் அதைக் காட்டலாம்.

ஐஃபல் மலைப்பக்கம் மொன்ஷாவ் என்ற ஊருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம் ஆகும். ரூர் (Rur) ஆற்றின் இரு கரையிலும் மரச்சட்டங்களிட்ட பழைய வீடுகள், கம்பளித் துணி வணிகத்தில் செழித்த ஒரு குடும்பம் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய ‘சிவப்பு வீடு’, 1882 முதல் இயங்கும் கடுகு ஆலை ஆகியவற்றைப் பார்க்க அரை நாள் போதும். மீதி அரை நாளை நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொலோன் பேராலயத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே 157 மீட்டர் உயரத்தில் எதிரே நிற்கும். 1248இல் தொடங்கி 1880இல் முடித்த கட்டடம். கோபுரத்தில் 533 படி ஏற வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், மின்தூக்கி கிடையாது.

கொலோனோடு நின்றுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். ஆகனிலிருந்து புறப்படும் ஆர்ஈ 1 ரயில் கொலோன், டூசல்டோர்ஃப், எஸ்ஸன், டோர்ட்மண்ட் வழியாக ஹம் நகரம் வரை செல்கிறது. ஜெர்மனியின் தொழில் வரலாற்றை ஒரே ரயிலில் பார்த்துவிடலாம் என்று சொன்னால் மிகையில்லை. எஸ்ஸனில் இறங்கி 107ஆம் எண் டிராமில் சென்றால் சோல்ஃபரைன் நிலக்கரிச் சுரங்க வளாகம். 1932இல் இயங்கத் தொடங்கிய அதன் 12ஆம் சுரங்கத்தின் இரட்டைக் கோபுரமும் செங்கல்லும் எஃகுமான கட்டடங்களும், ஒரு தொழிற்சாலையைக்கூட இவ்வளவு அழகுணர்வோடு கட்ட முடியுமா என்று எந்தப் பொறியியல் மாணவரையும் நின்று பார்க்க வைக்கும். 1986 டிசம்பரில் சுரங்கத்தை மூடினார்கள், 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நிலக்கரியைக் கழுவித் தரம் பிரித்த கட்டடத்தில் இப்போது ரூர் (Ruhr) அருங்காட்சியகம் இருக்கிறது. ஆரஞ்சு நிற விளக்கொளி கொண்ட நீண்ட நகரும் படிக்கட்டில் ஏறி அதற்குள் செல்ல வேண்டும். வளாகத்தைச் சுற்றிவரக் கட்டணம் இல்லை. இயந்திரவியலோ உலோகவியலோ படிப்பவர் பார்க்காமல் இருக்கக்கூடாத இடம் இது.

அதே ரயிலின் கடைசி நிறுத்தமான ஹம் நகருக்குச் செல்லத் தமிழர்களுக்குத் தனிக் காரணம் உண்டு. நகரின் ஊன்ட்ராப் பகுதியில், தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்கு நடுவே, ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தின் இராஜகோபுரம் எழுந்து நிற்கிறது. 1980களில் போரிலிருந்து தப்பி ஜெர்மனிக்கு வந்த ஈழத்தமிழர்கள் தொடங்கிய வழிபாடு படிப்படியாக வளர்ந்து, 2002இல் இந்தப் பெரிய கோயிலாகக் குடமுழுக்குக் கண்டது. ஐரோப்பாவின் மிகப் பெரிய இந்துக் கோயில்களில் ஒன்று. மே, ஜூன் மாதங்களில் வரும் திருவிழாவின் தேரன்று ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். காவடியும் பால்குடமும் தொழிற்பேட்டைச் சாலைகளில் வரும், தீர்த்தவாரிக்கு அம்பாள் அருகிலுள்ள டாட்டெல்ன்-ஹம் கால்வாய்க்கு எழுந்தருளுவார். பிள்ளைகள் தங்களுக்குள் ஜெர்மனிலும் தாத்தா பாட்டியிடம் யாழ்ப்பாணத் தமிழிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டு தேர்வடம் பிடிப்பதைப் பார்க்கும்போது, படிக்க வந்தவர்களாகிய நமக்கும் அகதிகளாக வந்து இந்த மண்ணில் ஊன்றிக்கொண்ட அவர்களுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகப் புரியும். நாம் விசாவோடும் சேர்க்கைக் கடிதத்தோடும் வந்தோம். அவர்கள் எதுவுமில்லாமல் வந்து இதைக் கட்டியிருக்கிறார்கள். பக்தி இல்லாதவரும் ஒருமுறை போய் வர வேண்டிய இடம் என்று இதைச் சொல்வேன். ரயிலில் மட்டும் ஏறத்தாழ மூன்று மணி நேரம், பிறகு பேருந்து என்பதால் அதிகாலையிலேயே கிளம்புங்கள்.

ரைன் பள்ளத்தாக்கும் ஒரு நாளில் கூடும். கொலோனில் மாறி, ஆற்றின் இடக்கரை வழியாக மைன்ட்ஸ் நோக்கிச் செல்லும் ஆர்பி 26 ரயிலில் ஏறுங்கள், போகும்போது இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். ஆறு அந்தப் பக்கந்தான். கோப்லென்ஸுக்கும் பிங்கெனுக்கும் இடைப்பட்ட சுமார் 65 கிலோமீட்டர் 2002 முதல் உலகப் பாரம்பரிய இடம்: திராட்சைத் தோட்டச் சரிவுகள், வளைவுக்கு ஒரு கோட்டை, லோரலாய் பாறை, கௌப் அருகே ஆற்றின் நடுவிலேயே கப்பலைப் போல நிற்கும் பழைய சுங்கக் கோட்டை. அந்த நீளம் முழுவதும் ஆற்றுக்குக் குறுக்கே பாலமே கிடையாது, கரை மாறப் படகுதான், அதற்குத் தனியே சில யூரோ. உல்லாசப் படகுகள் பெரும்பாலும் ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரைதான் ஓடும் என்பதால் இந்தப் பயணத்தைக் குளிர்காலத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

காலக் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்க மாட்டா, கிராமப் பேருந்துகள் குறைந்துவிடும். திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பலவும் மூடியிருக்கும். ஆகவே சனிக்கிழமையே நல்ல நாள். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும், ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், இயற்கைக் காட்சிகளைக் கோடைக்கும் அருங்காட்சியகங்களையும் கிறிஸ்துமஸ் சந்தைகளையும் குளிர்காலத்துக்கும் ஒதுக்குங்கள். போகும் ரயிலை விடத் திரும்பும் கடைசிப் பேருந்தை முதலில் பார்த்து வையுங்கள். ரயில்கள் தாமதமாவது அன்றாடம் என்பதால், கடைசிக்கு முந்தைய பேருந்தைக் குறிவைத்துத் திரும்புவதே பாதுகாப்பு. புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக்கொள்ளுங்கள், குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள், நிலையக் கழிப்பறைக்கு ஒரு யூரோ நாணயம் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சென்றால் ஒரு நாள் பயணம் பத்து, பதினைந்து யூரோவுக்குள் அடங்கும்.

படிப்பு கெடுமா என்று கேட்டிருந்தீர்கள். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமைகளால் எந்தப் படிப்பும் கெடாது. கெடுப்பது வேறு ஒன்று. பிப்ரவரி, மார்ச்சிலும் ஜூலைப் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரையிலும் விரிவுரைகள் இல்லாததைப் பார்த்து அது விடுமுறை என்று எண்ணி நீண்ட பயணத்துக்கு முன்பதிவு செய்துவிடுவார்கள்; தேர்வுகள் நடப்பதே அந்த மாதங்களில்தான். தேர்வுத் தேதிகள் வெளியாகும் வரை திரும்பப் பெற முடியாத எந்தச் சீட்டையும் வாங்காதீர்கள். பாரிஸுக்கு ஆகனிலிருந்து நேரடி விரைவு ரயிலில் மூன்று மணி நேரம்கூட ஆகாது. முன்கூட்டியே வாங்கினால் கட்டணமும் கட்டுப்படியாகும், இரண்டாம் ஆண்டில் நிதானமாகப் போய் மூன்று நாள் தங்குங்கள். பத்து நாளில் ஏழு நாடு என்ற வகைப் பயணங்களில் நண்பர்கள் அழைத்தால் நான் மறுத்துவிடவே சொல்வேன். அவற்றில் பேருந்து ஜன்னலும் உடல் அசதியுமே மிஞ்சும்.

பெற்றோர் வந்தால் நடையையும் படிக்கட்டையும் குறைத்துக்கொள்ளுங்கள். மே கடைசி முதல் செப்டம்பர் வரை வரச் சொல்வது நல்லது, குளிர் அவர்களைப் படுத்தாது, தேர்த்திருவிழாவோடு தேதி ஒத்துவந்தால் இன்னும் சிறப்பு. ஹம் கோயில், ரைன் படகு, ஆகன் பேராலயம், ஒரு நாள் மொன்ஷாவ் ஆகியவை அவர்களுக்குப் போதுமானவை, ஒரு பயணத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நாள் ஓய்வு விடுங்கள். உங்கள் செமஸ்டர் டிக்கெட்டில் அவர்கள் பயணம் செய்ய முடியாது, ஆனால் 63 யூரோ டாய்ச்லாண்ட் டிக்கெட்டை விருந்தினரும் வாங்கலாம். அது மாதாமாதம் தானே புதுப்பித்துக்கொள்ளும் சந்தா என்பதால், அவர்கள் ஊர் திரும்பும் மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிடுங்கள். தவறினால் அடுத்த மாதத் தொகையும் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும்.